“இந்தக் கால் என்னோடது மாதிரி இல்ல”: வயசானா உடம்பு மேல இருக்குற சொந்தம் குறையுமா?

நீங்க கேட்டத நான் எப்படிப் புரிஞ்சுக்கிட்டேன்னு முதல்ல சொல்லிடுறேன். அம்மாவுக்கு 71 வயசு, 15 வருஷமா சுகர், கொஞ்ச மாசமா “இந்தக் கால் என்னோடது மாதிரியே இல்லடி”ன்னு அடிக்கடி சொல்றாங்க. அதே வீட்டுல உங்க பையன், 2 வயசு, உள்ளங்கைல அடங்குற பொம்மை கார்ல கால விட்டு உள்ள ஏறப் பாக்குறான். ரெண்டையும் பாத்துட்டு, இது என் உடம்புங்கற உணர்வு வயசுக்கு ஏத்த மாதிரி மாறுமான்னு பொதுவா கேட்டிருக்கீங்க. ஆனா ரெண்டு தடவ படிச்சுப் பாத்தா நீங்க உண்மைல கேக்குறது, அம்மாவுக்கு மூளைல ஏதாவது ஆரம்பிக்குதா, நான் பயப்படணுமாங்கறதுதான். நான் பக்கவாதம், நரம்புக் கோளாறு இந்த மாதிரி ஆளுங்களுக்கே வேலை பாக்குற பிசியோதெரபிஸ்ட், 22 வருஷம் ஆச்சு. நியூராலஜிஸ்ட் கிடையாது, ஆராய்ச்சி பண்றவனும் கிடையாது, படிச்சதும் கையால தொட்டுப் பாத்ததும்தான் எனக்குத் தெரியும், அந்த அளவுல எடுத்துக்கோங்க.

அம்மா சொன்ன வாக்கியத்துல “மாதிரி”ன்னு ஒரு வார்த்தை இருக்குல்ல, நான் முதல்ல பிடிச்சுக்குறது அதத்தான். “என்னோடது மாதிரி இல்ல”ன்னு சொல்றவங்களுக்கு அது தன் கால்தான்னு நல்லாத் தெரியும், உணர்வு மட்டும் சரியா வரல. “இது என் கால் இல்ல, யாரோடதோ”ன்னு அழுத்தமா சொன்னா அது முழுக்க வேற விஷயம். அதுவும் திடீர்னு, ஒரே நாள்ல, ஒரு பக்கம் மட்டும் சொன்னாங்கன்னா, கூடவே வாய் கோணுறது, பேச்சு குழர்றது, கை தொங்குறதுன்னு எது இருந்தாலும், இதெல்லாம் படிச்சுட்டு இருக்காம 108க்கு கூப்பிடுங்க. பக்கவாதத்துல மூளை ரத்தக்குழாய் அடைப்பக் கரைக்கிற ஊசி பொதுவா நாலரை மணி நேரத்துக்குள்ள போட வேண்டியது, “காலைல பாத்துக்கலாம்”னு தூங்கிப் போனவங்கள நான் எத்தனையோ பேரப் பாத்துட்டேன்.

அந்த “வேற விஷயம்” எப்படி இருக்கும்னு ஒரு தடவ பாத்தவங்க மறக்க மாட்டாங்க. பல வருஷம் முன்னாடி ஒரு பெரியவர், மூளைல வலது பக்கம் அடைப்பு, இடது கை கால் வரல. நான் இடது கையத் தூக்கி எக்சர்சைஸ் குடுக்கப் போனா, “தம்பி, இது என் மச்சான் கை, இங்க விட்டுட்டுப் போயிட்டான், எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க”ங்கறார். விரல்ல இருந்த மோதிரத்தக் காட்டி இது யாரோடதுங்கய்யான்னு கேட்டேன். “மோதிரம் என்னோடதுதான், அத அவன் போட்டுக்கிட்டு இருக்கான்.” குழப்பமா பேசல, பேரன் பேரு, பேங்க்ல எவ்வளவு இருக்குன்னு எல்லாம் கரெக்டா சொல்றார், அந்தக் கை ஒண்ணுதான் அவரோட கணக்குல இல்ல. சொமாட்டோபாராஃப்ரீனியான்னு இதுக்குப் பேரு, 1942-ல ஜோசப் கெர்ஸ்ட்மன்னு ஒரு டாக்டர் வச்சது. இதுல ஒரு விசித்திரம், இந்த மாதிரி ஆளுங்களுக்கு இடது காதுக்குள்ள ஜில்லுன்னு தண்ணி விட்டா கொஞ்ச நேரத்துக்கு “ஆமா, என் கைதான்”னு ஒத்துக்குறாங்கன்னு 1991-ல இத்தாலில ரிப்போர்ட் பண்ணியிருக்காங்க. காதுக்குள்ள இருக்குற பேலன்ஸ் உறுப்ப அந்தக் குளிர்ச்சி தூண்டிவிடுது, பலன் நிரந்தரமா நிக்கல. இத எதுக்கு இவ்வளவு நீட்டி சொல்றேன்னா, இது வயசானதால வர்ற தேய்மானம் இல்ல, மூளைல ஒரு இடம் அடிபட்டா வர்றது, 40 வயசுக்காரருக்கும் வரலாம். அம்மா சொல்றது இந்த வகைன்னு எனக்குத் தோணல.

சரி, அப்ப இந்த “என்னோடது”ங்கற உணர்வு எங்க இருந்து வருது? நமக்கு அது பிறவிலயே ஒட்டிக்கிட்டு வந்த மாதிரித் தோணும், ஆனா மூளை ஒவ்வொரு நொடியும் சாட்சி விசாரிச்சுத்தான் முடிவு பண்ணுது. கண்ணு ஒரு சாட்சி, தோல் ஒண்ணு, தசையும் மூட்டும் அனுப்புற தகவல் ஒண்ணு, காதுக்குள்ள இருக்குற பேலன்ஸ் உறுப்பு ஒண்ணு. இது எவ்வளவு சுலபமா ஏமாறும்னு 1998-ல மாத்யூ பாட்வினிக், ஜொனாதன் கோஹன்னு ரெண்டு பேரு காட்டினாங்க, ரப்பர் கை சோதனைன்னு சொல்லுவாங்க. உங்க நிஜக் கைய ஒரு அட்டைக்குப் பின்னாடி மறைச்சுட்டு, கண்ணு முன்னாடி ஒரு ரப்பர் கைய வச்சு, ரெண்டையும் ஒரே நேரத்துல ஒரே இடத்துல பிரஷால தடவுறாங்க, கொஞ்ச நேரத்துல நிறைய பேருக்கு ரப்பர் கைதான் தன் கைன்னு தோண ஆரம்பிச்சுடுது. கண்ண மூடிக்கிட்டு உங்க கை எங்க இருக்குன்னு காட்டச் சொன்னா ரப்பர் கை பக்கமா தள்ளிக் காட்டுறாங்க. தடவுற நேரம் முன்ன பின்ன ஆனா மாயை கலைஞ்சுடுது. வீட்டுலயே செய்யலாம், பாத்திரம் கழுவுற கிளவுஸ்குள்ள பஞ்சு அடைச்சு, ரெண்டு பெயின்ட் பிரஷ், ஒரு அட்டைப்பெட்டி போதும். நான் ஸ்டூடன்ட்ஸுக்கு செஞ்சு காட்டிட்டு கடைசில கிளவுஸ்ல ஓங்கி ஒரு அடி குடுப்பேன், நிஜக் கைய வெடுக்குன்னு இழுப்பாங்க. இந்த சோதனைய ஞாபகம் வச்சுக்கோங்க, வயசு பத்தி நமக்குத் தெரிஞ்சதுல பாதி இதுல இருந்து வந்ததுதான். அதுவே ஒரு குறையும் கூட, கடைசில சொல்றேன்.

குழந்தைங்க கிட்ட இருந்து ஆரம்பிப்போம். பொறந்த குழந்தைக்குத் தன் உடம்புன்னு ஒண்ணு இருக்குறதே தெரியாதுன்னு பழைய புத்தகங்கள்ல எழுதியிருக்கும், இப்ப அத அப்படியே ஏத்துக்க முடியாது. கன்னத்துல தொட்டா பால் தேடி வாயத் திருப்பும்ல, 1997-ல ஃபிலிப் ரோஷா, சூசன் ஹெஸ்போஸ் ரெண்டு பேரும் பொறந்து ஒரு நாள்கூட ஆகாத குழந்தைங்கள வச்சுப் பாத்ததுல, அடுத்தவங்க விரல் பட்டா திரும்புறது, குழந்தையோட கையே அதோட கன்னத்துல படும்போது திரும்புறத விட கிட்டத்தட்ட மூணு மடங்கு. அதாவது “நானே தொட்டேன்”, “வேற யாரோ தொட்டாங்க” இந்த வித்தியாசம் முதல் நாளே உடம்புல இருக்கு. 2013-ல இன்னொண்ணு, பொறந்து நாலு நாளுக்குள்ள இருக்குற குழந்தைங்களுக்கு ஸ்கிரீன்ல ஒரு குழந்தை முகத்தப் பிரஷால தடவுறத காட்டிக்கிட்டே இவங்க கன்னத்தையும் தடவுனாங்க, ரெண்டும் ஒரே நேரத்துல நடந்தா அதையே அதிக நேரம் பாத்துதுங்க, முகத்தத் தலைகீழாக் காட்டினா அந்த ஆர்வம் இல்ல. இத வச்சு குழந்தை “இது நான்”னு நினைக்குதுன்னு சொல்லிட முடியாது, அதுங்க கிட்ட யாரு கேட்டா. ஒத்துப்போற தகவல அடையாளம் காண்ற திறமை முதல் வாரத்துலயே இருக்குங்கறது வரைக்கும் உறுதியா சொல்லலாம்.

கண்ணாடி சோதனை பத்தியும் கேள்விப்பட்டிருப்பீங்க. குழந்தைக்குத் தெரியாம மூக்குல ஒரு சிவப்புப் புள்ளி வச்சு கண்ணாடி முன்னாடி விட்டா தன் மூக்கத் தொட்டுப் பாக்குதான்னு பாக்குறது, 1972-ல பியூலா ஆம்ஸ்டர்டாம் செஞ்சது. ஒன்றரைல இருந்து ரெண்டு வயசுக்குள்ள நிறைய குழந்தைங்க பாஸ் ஆகிடுதுங்க. ஆனா கென்யா கிராமத்துல செஞ்சப்ப அதவிடப் பெரிய குழந்தைங்க நிறைய பேரு கண்ணாடியப் பாத்துட்டு அப்படியே அசையாம நின்னுட்டாங்க, புள்ளியத் தொடவே இல்ல. அதுங்களுக்கு “நான்” தெரியாதுன்னு அர்த்தம் இல்ல, சோதனை அந்த ஊருக்கு ஒட்டல. நம்ம ஊர்லயே பாருங்க, பொறந்ததுல இருந்து கன்னத்துல திருஷ்டிப் பொட்டோட இருக்குற பிள்ளைக்கு முகத்துல ஒரு புள்ளி என்ன அதிசயமா, அது பாட்டுக்கு விளையாடப் போயிடும். சோதிச்சுப் பாக்கணும்னா மூக்கு நுனில வச்சுப் பாருங்க.

இப்ப உங்க பையனும் பொம்மை காரும். இது ரொம்ப நார்மல், இதுக்கு ஆராய்ச்சிலயே தனிப் பேரு இருக்கு, அளவுத் தப்புன்னு வச்சுக்கலாம். 2004-ல ஜூடி டெலோச் குழு 18 மாசத்துல இருந்து 30 மாசம் வரைக்கும் உள்ள குழந்தைங்கள முதல்ல உட்கார்ந்து போற அளவு கார், சறுக்குமரம், நாற்காலியோட விளையாட விட்டுட்டு, அப்புறம் அதே மாதிரி குட்டிக் குட்டியா வச்சாங்க. நிறைய குழந்தைங்க சீரியஸாவே அந்தக் குட்டிக் காருக்குள்ள கால விட்டுதுங்க, குட்டி நாற்காலில உட்கார்ந்துதுங்க. பாசாங்கு இல்ல, முடியலன்னதும் கோவம் வருதுன்னா நிஜமாத்தான் முயற்சி பண்ணுதுன்னு அர்த்தம். “இது கார், கார்ல ஏறணும்”னு சொல்ற மூளையும் “இது இத்தனூண்டு”ன்னு அளக்குற மூளையும் அந்த வயசுல இன்னும் சேர்ந்து வேலை செய்யப் பழகலங்கறது அவங்க விளக்கம். இதே வயசுல இன்னொண்ணும் பாக்கலாம், குழந்தைய ஒரு பாய் மேல நிக்க வச்சு அந்தப் பாயையே தூக்கிக் குடுன்னு சொல்லிப் பாருங்க. இழுக்கும், முக்கும், அழும், தான் மேல நிக்கிறோம்னு மட்டும் உடனே தோணாது. தன் உடம்பும் இடத்த அடைக்கிற ஒரு பொருள்தான்னு புரியுறதுக்கு ரெண்டு, ரெண்டரை வயசு ஆகுது. கிண்டல் பண்ணாம ஒரு வீடியோ எடுத்து வச்சுக்கோங்க, ஆறு மாசத்துல இது போயிடும்.

அதுக்கு அப்புறமும் வேலை முடிஞ்சுடல, இதுதான் பலருக்கும் தெரியாது. 2013-ல டோரதி கௌவி குழு 4 வயசுல இருந்து 9 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்கு ரப்பர் கை சோதனை செஞ்சாங்க. “அது உன் கை மாதிரி இருக்கா”ன்னு கேட்டா பெரியவங்க மாதிரியே பதில் சொல்லுதுங்க, தடவுறது ஒத்துப்போனா ஆமா, போகலன்னா அவ்வளவா இல்ல. ஆனா கை எங்க இருக்குன்னு காட்டச் சொன்னா, ஒத்துப்போனாலும் போகலன்னாலும், பெரியவங்கள விட அதிகமா ரப்பர் கை பக்கம் தள்ளிக் காட்டுதுங்க. அந்த வயசுல கண்ணு சாட்சிக்கு வெயிட் ஜாஸ்தி, கை இருக்குற மாதிரி ஒண்ணு கண்ணுக்குத் தெரிஞ்சா அங்கதான் என் கைன்னு எடுத்துக்குதுங்க. பெரியவங்க மாதிரி ஆகுறதுக்கு 10, 11 வயசு ஆயிடுதுன்னு அடுத்து வந்த ஆய்வு சொல்லுது. அதாவது “என்னோடதா”ங்கறதும் “எங்க இருக்கு”ங்கறதும் வேற வேற கணக்கு, வேற வேற வேகத்துல வளருது. அம்மா விஷயத்துக்கு இது திரும்ப வரும்.

கை கால் இழந்தவங்க கிட்டயும் வயசு தெரியும். எடுத்த கால் இன்னும் இருக்குற மாதிரியே அரிக்குது, வலிக்குதுன்னு சொல்லுவாங்க, நம்ம ஸ்டான்லி மெடிக்கல் காலேஜ்ல படிச்ச நரம்பியல் ஆராய்ச்சியாளர் வி.எஸ். ராமச்சந்திரன், இருக்குற கை காலோட பிம்பத்த இழந்த பக்கத்துல காட்டுற கண்ணாடிப் பெட்டி வச்சு வைத்தியம் பாத்தது இதுக்குத்தான், நாங்களும் அத இப்ப வரைக்கும் உபயோகிக்கிறோம், சிலருக்கு நல்லாக் கேக்குது சிலருக்கு சுத்தமாக் கேக்கல. பெரியவங்களுக்கு இந்த மாய உறுப்பு கிட்டத்தட்ட எல்லாருக்கும் வரும். குழந்தைங்களுக்கு எந்த வயசுல எடுத்தாங்கங்கறதப் பொறுத்து மாறுதுன்னு 1962-ல மரியான் சிம்மல் எழுதினாங்க, ரெண்டு வயசுக்குக் கீழ எடுத்தவங்கள்ல அஞ்சுல ஒருத்தருக்கு, எட்டு வயசு தாண்டிட்டா எல்லாருக்கும். அப்ப மூளைல இருக்குற உடம்போட வரைபடம் அனுபவத்துல எழுதப்படுதுன்னு முடிவு கட்டிடலாமேன்னா, 1997-ல ரொனால்ட் மெல்ஸாக் குழு குறுக்க வந்துச்சு. பொறக்கும்போதே கையோ காலோ இல்லாதவங்கள்லயும் அஞ்சுல ஒருத்தராவது அந்த இல்லாத உறுப்ப உணர்றேன்னு சொன்னாங்களாம். கொஞ்சம் எழுதியே அனுப்புறாங்க, மிச்சத்த நாம எழுதிக்கிறோம் போல. எவ்வளவு கொஞ்சம்ங்கறதுல இன்னும் சண்டைதான்.

பதின்ம வயசப் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. ஒரே வருஷத்துல கால் நீண்ட பையன் கதவுல இடிச்சுக்குவான், தண்ணி டம்ளரத் தட்டி விடுவான், வீட்ல திட்டு வாங்குவான், அதுக்கு மூளைல இருக்குற உடம்பு வரைபடம் வளர்ச்சிக்குப் பின்தங்குறதுதான் காரணம்னு நாங்க எல்லாரும் சொல்லுவோம், ஆனா ஆய்வு முடிவெல்லாம் அவ்வளவு தெளிவா ஒரே பக்கம் நிக்கல.

வயசானவங்களுக்கு வருவோம். உறுதியா தெரிஞ்சது சாட்சிங்க பலவீனமாகுறது. விரல் நுனில ரெண்டு மூணு மில்லிமீட்டர் இடைவெளில ரெண்டு முனைய வச்சாலே இளவயசுக்காரங்க ரெண்டுன்னு சொல்லிடுவாங்க, வயசாக ஆக அந்த இடைவெளி கூடிக்கிட்டே போகுது, கைய விட கால் விரல்ல மோசம். கணுக்கால்ல அதிர்வு தெரியுறது குறையும், மூட்டு எவ்வளவு மடங்கியிருக்குன்னு தெரியுறது குறையும், காதுக்குள்ள பேலன்ஸ் செல் குறையும். கண்ணும் காதும் தோலும் அனுப்புறதுல எது ஒரே நேரத்துல நடந்ததுன்னு பிரிச்சுப் பாக்குற கூர்மையும் மழுங்குது. இவ்வளவும் போனா “இது என் உடம்பு”ங்கறதும் ஆட்டம் காணணும்தானே, வயசானவங்கள ரப்பர் கை வச்சு ரொம்ப சுலபமா ஏமாத்திடலாம்னுதான் நானும் நினைச்சேன். 2018-ல ஸ்பெயின்ல இருந்து வந்த ஒரு ஆய்வு, பெரியவங்கள்ல வயசு வித்தியாசத்தால இந்த மாயை மாறவே இல்லன்னு முடிச்சுது, கேள்வி கேட்டுப் பாத்தாலும் சரி, கை தள்ளிக் காட்டுறத அளந்தாலும் சரி. எல்லா ஆய்வும் இப்படியே ஒரே குரல்ல சொல்லல, ஆனா “வயசானா சொந்தம் கரைஞ்சுடும்”னு சொல்ற அளவுக்கு ஆதாரம் நிச்சயமா இல்ல. ஏன் நிக்குதுங்கறதுக்கு என் யூகம், யூகம்தான், 70 வருஷமா கூட இருந்த கைக்கு மூளை தினமும் புதுசா சாட்சி கேக்கறதில்ல, பழைய பழக்கத்துல நம்பிடுது. எங்க இருக்குங்கறது மங்கலாகலாம், யாரோடதுங்கறது நிக்கும்.

அப்ப அம்மாவுக்கு என்ன? நேர்ல பாக்காம சொல்றேன், ஆனா 15 வருஷ சுகரோட ஒருத்தர் இப்படி சொன்னா என் கை முதல்ல பாதத்துக்குத்தான் போகும். அம்மா கிட்ட நீங்களே கேக்க வேண்டியது சிலது இருக்கு. நடக்கும்போது செருப்பு கழண்டு போகுதா, போனா அது தெரியுதா, இல்ல நாலடி நடந்து திரும்பிப் பாத்துத்தான் தெரியுதா? நம்ம ஊர் டாக்டருங்க தலைமுறை தலைமுறையா கேக்குற கேள்வி இது, கழண்டது தெரிஞ்சே போனா பாதத்துல பலம் குறைவு, தெரியாமலே போனா உணர்வு குறைவு. தரை பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கா? வாஷ்பேசின்ல கண்ண மூடி மூஞ்சி கழுவும்போது முன்னாடி சாயுதா? இதுக்கெல்லாம் ஆமான்னா, கால்ல இருந்து தகவல் ஒழுங்கா மேல போய்ச் சேரல, அதான் சொந்தக் காலே அந்நியமாத் தெரியுது. “மரத்துப் போச்சு”ங்கறோமே, கேட்டாலே மரக்கட்டைதான் ஞாபகம் வருது, அம்மா அதையே வேற வார்த்தைல சொல்றாங்க. டாக்டர் 128 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க் (அதிர்வு தெரியுதான்னு பாக்குற கவை), 10 கிராம் மோனோஃபிலமென்ட் (தொடுறது தெரியுதான்னு பாக்குற நைலான் இழை) ரெண்டும் வச்சுப் பாத்தா பத்து நிமிஷத்துல தெரிஞ்சுடும். மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரைய ரொம்ப வருஷமா சாப்பிடுறாங்கன்னா வைட்டமின் பி12 அளவும் பாக்கச் சொல்லுங்க, அந்த மாத்திரை பி12-வ குறைக்கும், பி12 குறைஞ்சாலும் இதே பஞ்சு நடைதான் வரும், அது கண்டுபிடிச்சா சரி பண்ணக் கூடியது.

டாக்டர பாக்குற வரைக்கும் வெறுங்காலோட எங்கயும் வேண்டாம், வீட்டுக்குள்ளயும். கோயில்ல மத்தியான வெயில்ல கல் தரைல சுத்திட்டு வந்து ராத்திரி கொப்புளத்தப் பாத்தவங்க என் கிட்ட நிறைய பேரு வந்திருக்காங்க, சுட்டதே தெரியல. காலைல சீக்கிரமோ சாயங்காலமோ போகட்டும், சாக்ஸ் போட்டுக்கிட்டு சுத்தட்டும், சாமி கோவிச்சுக்காது. வென்னீர் ஒத்தடம் கண்டிப்பா வேண்டாம். தினமும் ராத்திரி உள்ளங்காலக் கண்ணாடி வச்சுப் பாக்கணும், அம்மாவுக்குக் குனிய முடியலன்னா நீங்க பாருங்க. ராத்திரி பாத்ரூம் போற வழில ஒரு லைட் எரியட்டும், கால் சொல்லாதத அவங்க இப்ப கண்ணு வச்சுத்தான் சரிக்கட்டுறாங்க, இருட்டுல அந்த ஒரு சாட்சியும் போயிடும், விழுறது அப்பத்தான். கைத்தடி வேண்டாம்னு அடம் பிடிப்பாங்க, தெரியும், “நான் என்ன கிழவியா”ன்னு கேப்பாங்க. சும்மா விரல் நுனியால சுவரத் தொட்டுக்கிட்டு நடக்கச் சொல்லுங்க, சாய வேண்டாம், லேசாப் பட்டாப் போதும். 100 கிராம் எடைக்கும் கம்மியான அழுத்தத்துல விரல் பட்டாலே உடம்பு ஆடுறது குறையுதுன்னு 1994-லயே ஜெகா, லாக்னர் காட்டியிருக்காங்க, விரல் தாங்குறதில்ல, நீ எங்க நிக்கிறன்னு தகவல் குடுக்குது. வேற வேற துணி, பிரஷ்னு பாதத்துல தேய்ச்சு உணர்வத் திரும்பக் கொண்டு வரலாம்னு யாராவது பேக்கேஜ் சொன்னா பணம் கட்டுறதுக்கு முன்னாடி யோசிங்க, சுகரால போன நரம்புக்கு அதோட ஆதாரம் கம்மி, தோல் கிழிஞ்சா ஆபத்து ஜாஸ்தி.

கண்ணாடில பாத்தா “இது யாரு கிழவி”ன்னு அம்மா சிரிச்சா அத இதோட சேர்க்காதீங்க. 40 தாண்டின ஆளுங்க சராசரியா நிஜ வயச விட 20 சதவீதம் கம்மியாத்தான் தன்ன உணர்றாங்கன்னு டென்மார்க்ல ஒரு சர்வே இருக்கு, 71-க்கு அது 57 ஆச்சு, கண்ணாடி ஒத்துக்காதுதான். கண்ணாடில இருக்குறது வேற ஆளுன்னு நிஜமாவே நம்பி பேசுறாங்க, பயப்படுறாங்கன்னா மட்டும் மறதி நோய்க்குப் பாக்கணும்.

ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க, மேல சொன்ன சோதனைல முக்கால்வாசி கைய வச்சு செஞ்சது. கால் பத்தி நான் சொன்னது கட்டில் பக்கத்துல நின்னு பாத்தது, லேப் முடிவு கிடையாது. இளவயசுக்காரங்கன்னா காலேஜ் பசங்க, வயசானவங்கன்னா லேப் வரைக்கும் தானா வந்து உட்கார முடியுற ஆரோக்கியமானவங்க, அம்மா மாதிரி 15 வருஷ சுகரோட இருக்குறவங்கள பெரும்பாலும் அதுல சேர்த்திருக்க மாட்டாங்க. செருப்பு கேள்விக்கு அம்மா என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு இங்கயே எழுதுங்க. ரெண்டு காலும் அப்படியா, ஒண்ணு மட்டும்தானாங்கறதையும் சேர்த்து எழுதுங்க, நீங்க அத சொல்லவே இல்ல, ஒரு கால் மட்டும்னா நான் மேல சொன்ன சுகர் கணக்கு அவ்வளவா ஒத்து வராது, இடுப்புல நரம்பு அழுந்துதா, தலைல ஏதாவதா, ரத்த ஓட்டமான்னு வேற வழில போகணும், அதுக்கு இந்த வாரமே காட்டிடுங்க.